மாவையும் குழியையும் ஒரே திங்கட்கிழமையில் அழிக்காதீர்கள்

நிலப் பத்திரத்தில் எந்த அளவை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

கோரையாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஆவண எழுத்தர் ஒருவன் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பூட்டுகிற நேரத்தில், எங்கள் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வருகிற திங்கள் முதல் சொத்து விவரத்தில் பரப்பு ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கில் மட்டும்தான் இருக்க வேண்டும். மா, குழி, ஏக்கர், சென்ட் எதுவும் அடைப்புக்குறிக்குள்கூட வரக்கூடாது. வந்தால் பத்திரம் திருப்பப்படும். நாலே வரி. கையெழுத்து இருந்தது, ஆணை எண் இல்லை. நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு.

திங்கட்கிழமை நான் எழுதிக் கொடுத்த மூன்று பத்திரங்களும் திரும்பி வந்தன.

அவற்றில் ஒன்று, எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா தன் மகளுக்கு எழுதி வைக்கும் தானசெட்டில்மென்ட். அவர் கையில் இருக்கும் மூலப்பத்திரம் 1953ஆம் வருடத்துப் பாகப்பிரிவினை. ‘நஞ்சை மா 1 குழி 40’ என்று அதில் இருக்கிறது. கிழக்கே வாய்க்கால், தெற்கே பங்காளி நிலம் என்று நாலு பக்கமும் செக்குபந்தி சொல்லியிருக்கிறது. பட்டாவில் அதே நிலம் 0.18.50, அதாவது பதினெட்டரை ஏர்.

கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் சிக்கல் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் குழி என்றால் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 6.6 ஏக்கர். அந்த அம்மாவின் 140 குழிக்கு 20,160 சதுர அடி வரும். மீட்டரில் 1,873 சதுர மீட்டர். பட்டா சொல்வது 1,850. மிச்சம் 23 சதுர மீட்டர், ஒன்றே முக்கால் குழிக்குக் கொஞ்சம் குறைவு. இதை யாரும் திருடவில்லை. அளவை மாற்றியபோது யாரோ அரை ஏருக்கு முழுதாக்கி எழுதியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். இப்படி எத்தனையோ பட்டாவில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு அளவும் பத்திரத்தில் இருந்த வரைக்கும் அந்த ஒன்றே முக்கால் குழி யாரையும் உறுத்தவில்லை. ‘மா 1 குழி 40-க்கு மெட்ரிக் அளவில் 0.18.50’ என்று எழுதிவிட்டால், இது அதுதான் என்பது விளங்கிவிடும். பழையதை அடித்துவிட்டு 0.18.50 என்று மட்டும் எழுதினால் 1953க்கும் இன்றைக்கும் நடுவே இருந்த மூங்கில் பாலத்தைப் பிடுங்கிப் போட்ட மாதிரி. இருபது வருடம் கழித்துப் பேரன் ஒருவன் இரண்டு பத்திரத்தையும் எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்ப்பான். நம் நிலத்தில் கொஞ்சம் பக்கத்து வயலுக்குள் போயிருக்கிறது என்பான். மண்வெட்டியோடு வரப்புக்குப் போவான். இங்கே வரப்புச் சண்டை எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று உங்களுக்கும் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் மெட்ரிக் வேண்டாம் என்கிற ஆள் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியும். 1956, 1976, 2009 என்று மூன்று எடையளவுச் சட்டங்கள் வந்துவிட்டன. பழைய அளவுகளைப் பற்றி எனக்குக் கண்ணீரும் இல்லை. இங்கே குழி 144 சதுர அடி என்றேன். தொண்டை மண்டலத்துப் பக்கம் போனால் 24 அடிக் கோல், குழி 576 சதுர அடி. ஒரே பெயர், நாலு மடங்கு வித்தியாசம். பெரிய கோயில் கல்வெட்டில் ‘ஆடவல்லான்’ என்று மரக்காலுக்குப் பெயர் போட்டு எழுதியிருக்கிறார்கள் என்றால், எந்த மரக்கால் என்று சொல்லாமல் நெல்லைக் கணக்கு எழுத முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. என் அம்மாவைப் பெற்ற பாட்டி பண்ணையில் நடவு நட்டவள். குத்தகை நெல் அளக்கிற மரக்கால் வேறு, கூலி அளக்கிற மரக்கால் வேறு என்று சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். கிலோ வந்ததில் அவளைவிட சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது.

ஆனால் அந்தக் கிலோ எப்படி வந்தது?

1956இல் சட்டம் போட்டார்கள். 1958 அக்டோபரில் அமலுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். 1962 ஏப்ரலில்தான் மற்ற அளவுகளுக்குத் தடை வந்தது. நடுவில் படியும் லிட்டரும், சேரும் கிலோவும் ஒரே கடையில் இருந்தன. காசும் அப்படித்தான். 1955இல் சட்டம், 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. அதற்கு முன்னால் ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. இதெல்லாம் ஒரே ராத்திரியில் போகவில்லை. வருடக்கணக்கில் அணாவும் நயா பைசாவும் ஒரே கல்லாவில் கிடந்தன.

என் அப்பா அப்போது பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடையில் வேலை செய்தார். கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை தொங்குமாம்: 1 அணா 6, 2 அணா 12, 3 அணா 19, 4 அணா 25. சரியாகப் பார்த்தால் ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? அதனால் ஒன்றுக்குக் குறைத்து, மூன்றுக்குக் கூட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு முறுக்கு ஓர் அணா. நாலு முறுக்கைச் சேர்த்து வாங்கினால் 25, ஒவ்வொன்றாக நாலு தடவை வந்து வாங்கினால் 24. ஊரில் ஒரு பெரியவர் வேண்டுமென்றே நாலு தடவை எழுந்து வந்து வாங்குவாராம். கடை முதலாளி திட்டுவார், அட்டையைப் பார்ப்பார், பேசாமல் கொடுப்பார். அந்த ஒரு பைசா சண்டையை அட்டை முடித்து வைத்தது. ஏனென்றால் அதே கணக்குதான் எல்லாக் கடையிலும். நான் பிறந்த 1964இல், ஜூன் மாதம், ‘நயா’வை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கினார்கள். ஏழு வருடம் ‘புது’ என்று பெயரிலேயே சொல்லி வைத்து, ஜனங்களுக்குப் பழகிப்போன பிறகு அந்த வார்த்தையை எடுத்தார்கள். இதைச் செய்தவர்கள் யாரோ, ரொம்ப விவரமானவர்கள்.

அப்புறம் 25 காசு. எங்கள் வாயில் அது கடைசி வரைக்கும் நாலணாதான். 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று ஆறு மாதத்துக்கு முன்பே சொன்னார்கள். உண்டியலில் கிடந்ததை வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ள அவகாசம் இருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது அது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் நாங்கள் பார்த்தோம். 2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லி, நள்ளிரவோடு 500, 1000 ரூபாய் நோட்டுகளை நிறுத்தினார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு அந்த இரண்டு நோட்டுதான். இங்கே சம்பா வயலில் நிற்கிற நேரம் அது. களைக்கு ஆள் விட வேண்டும், மேலுரம் போட வேண்டும். என் மச்சான் அதற்கு முந்தின வாரம்தான் நகையை வைத்து 38,000 ரூபாய் வாங்கி வந்திருந்தார். எல்லாம் 500 நோட்டு. ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் கணக்கு கூட்டுறவு வங்கியில். 14ஆம் தேதி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கவும் கூடாது, மாற்றவும் கூடாது என்று உத்தரவு வந்தது. மச்சான் பதினாறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வங்கி வாசலில் மூன்று நாள் நின்றார். களையெடுக்க வந்த பெண்களுக்குக் கூலி பாக்கி வைத்தார், அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக. அந்த வருடம் மழையும் பொய்த்தது, பயிர் காய்ந்தது. அதைக் கொண்டுபோய் நோட்டின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் கூலி பாக்கி நோட்டினால் வந்தது. கடைசியில் பார்த்தால் அந்த நோட்டுகளில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே சொன்னது.

2023 மே 19ஆம் தேதி 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னபோது அதே ரிசர்வ் வங்கி வேறு மாதிரி நடந்துகொண்டது. செப்டம்பர் 30 வரைக்கும் நேரம் கொடுத்தார்கள், பிறகு இன்னும் ஒரு வாரம் நீட்டினார்கள், நோட்டு செல்லாது என்று சொல்லவும் இல்லை. எங்கள் ஊரில் யாரும் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்கவில்லை. 2016ஐப் பார்த்து மேலே இருப்பவர்களே பாடம் படித்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பலகையில் தாள் ஒட்டியவர்கள் மட்டும் ஏன் 2016க்குத் திரும்பிப் போகிறார்கள்?

‘பழைய ஆட்களுக்குப் புரியாது, அதனால் கொஞ்ச காலம் இரண்டையும் எழுதலாம்’ என்று கேட்கிறேன் என நினைத்துவிடாதீர்கள். அதுவும் ஒரு காரணம்தான், பெரிய காரணம் வேறு. இரண்டு அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றின் பிழையைக் காட்டிக்கொடுக்கும். என் பிழையையே சொல்கிறேன். சில வருடத்துக்கு முன்னால் ஒரு கிரயப் பத்திரத்தில் 0.13.50 என்று வர வேண்டிய இடத்தில் 0.31.50 என்று தட்டச்சு ஆகிவிட்டது. நான் கவனிக்கவில்லை. என் கம்ப்யூட்டர் அதை வைத்தே குழியையும் கணக்குப் போட்டு, மா 2 குழி 35 என்று பக்கத்தில் எழுதிவிட்டது. வழக்கம்போலப் படித்துக் காட்டினேன். 0.31.50 என்று படித்தபோது விற்கிற பெரியவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். மா என்ற இடத்துக்கு வந்ததும், “என்ன தம்பி, எனக்கு இருக்கறதே ஒரு மா, நீ ரெண்டே கால் மாவுங்கற?” என்றார். பதிமூன்றும் முப்பத்தொன்றும் அவருக்கு ஒன்றுதான். மா என்றால் அவர் காலுக்குத் தெரியும், எத்தனை தடவை சேடை ஓட்டியிருப்பார். அவர் அன்றைக்குக் கேட்டிருக்காவிட்டால் இல்லாத ஒன்றே கால் மாவை நான் விற்றுக் கொடுத்திருப்பேன். இப்போது நீங்கள் ஒட்டிய தாளின்படி அந்தப் பெரியவருக்குப் புரிகிற ஒரே வரி பத்திரத்தில் இருக்காது.

1983இல் கனடாவில் ஒரு விமானம் நடுவானத்தில் எரிபொருள் தீர்ந்து நின்ற கதையை என் மகன் சொன்னான். அந்த நாடு அப்போது மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டுவிட்டார்கள். வேண்டியதில் பாதிகூட நிரப்பவில்லை. நல்ல விமானி, இன்ஜின் இல்லாமலே ஒரு பழைய விமானத்தளத்தில் இறக்கிவிட்டார், எல்லோரும் பிழைத்தார்கள். படித்தவர்கள் இருக்கிற இடத்திலேயே அப்படி. எங்கள் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு இத்தனை டோக்கன் என்று ஓடுகிற ஓட்டத்தில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதைச் சரியாகச் செய்வது எப்படி என்பது அரசாங்கத்துக்கே தெரியும். சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பைமாஷ் எண் இருந்தது, பிறகு சர்வே எண் வந்தது, பிறகு மறு அளவை எண். ஒவ்வொரு தடவை மாறும்போதும் பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணை எழுதிப் பதிவேடு வைத்தீர்கள். இன்றைக்கும் பத்திரத்தில் ‘பழைய சர்வே எண் இன்னது, புதிய சர்வே எண் இன்னது’ என்று எழுதச் சொல்வது நீங்கள்தான். எண்ணுக்குச் செய்ததை அளவுக்குச் செய்ய என்ன தடை? ஏக்கரும் சென்ட்டும்கூட ஒரு காலத்தில் புதுசாக வந்தவைதான். வெள்ளைக்காரன் 66 அடிச் சங்கிலியோடு வந்தான். அந்தச் சங்கிலிக்கு 100 கண்ணி, ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். அது வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் இங்கே நடவுக் கூலி மாக் கணக்கில்தான் பேசுகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள், களத்து மேட்டில் ‘மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது’ என்றுதான் கேள்வி. சேர்ந்து இருந்ததால் எந்தக் குடியும் முழுகிவிடவில்லை.

ஆகவே நான் கேட்பது இவை.

அந்தத் தாளை எடுங்கள். மெட்ரிக் அளவு கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அதையே எழுதுகிறோம். பழைய அளவை அடைப்புக்குறிக்குள் எழுதக் குறைந்தது ஐந்து வருடம் அனுமதி கொடுங்கள். 1957இல் நயா பைசா வந்ததற்கும் 1962இல் பழைய அளவுகளுக்குத் தடை வந்ததற்கும் நடுவே இருந்த அதே ஐந்து வருடம்தான், அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மூலப்பத்திரமே மா, குழியில் இருக்கும் நிலம் முதல் தடவை கைமாறும்போது, அது எந்த வருடமானாலும், இரண்டு அளவும் எழுதியே ஆக வேண்டும் என்று விதி போடுங்கள். அதன் பிறகு பழைய அளவு தானாக உதிர்ந்துவிடும். நீங்களும் தள்ள வேண்டாம், நாங்களும் இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

டீக்கடை அட்டை மாதிரி ஓர் அட்டை கொடுங்கள். இந்த வட்டத்தில் கோல் இத்தனை அடி, குழி இத்தனை சதுர மீட்டர், எந்தப் புள்ளிக்கு மேல் கூட்டுவது, எதற்குக் கீழ் விடுவது என்று நில அளவையரின் கையெழுத்தோடு ஒரே பட்டியல். இப்போது நான் ஒரு கணக்கு, பக்கத்து எழுத்தர் ஒரு கணக்கு, அலுவலகக் கம்ப்யூட்டர் ஒரு கணக்கு போடுகிறது. அந்த அட்டை பதிவு அலுவலகத்திலும், கிராம நிர்வாக அலுவலரிடமும், கூட்டுறவுச் சங்கத்திலும், ரேஷன் கடையிலும் தொங்கட்டும். பட்டா அச்சடிக்கும்போதும் ஹெக்டேருக்குக் கீழே அந்த வட்டத்துப் பழைய அளவு ஒரு வரி வரட்டும்.

முழுதாக்கியதில் வருகிற சில குழி வித்தியாசத்துக்காகப் பத்திரத்தைத் திருப்பாதீர்கள். எல்லைக்கும் பரப்புக்கும் முரண் வந்தால் எல்லையைத்தான் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் எத்தனையோ வழக்கில் சொல்லிவிட்டன. வித்தியாசம் அதற்கு மேல் போனால் வந்து அளந்து கொடுங்கள். அளவை மாற்றியது அரசாங்கம், அளக்கிற கட்டணத்தைக் குடியானவன் தலையில் வைக்காதீர்கள். 1953 பத்திரத்தில் வீசம், காணி, முந்திரி என்று வருகிற பழைய பின்னக் கணக்கைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆளாவது ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், நாங்கள் வந்து சொல்லித் தருகிறோம், காசு வேண்டாம்.

எந்தத் தேதியில் ஆரம்பித்தாலும் ஆறு மாதம் முன்னால் சொல்லுங்கள், ஆணை எண்ணோடு. கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். தை, மாசியில் அறுப்பு நடக்கிறபோது ஆரம்பிக்காதீர்கள்.

அந்த அம்மாவின் பத்திரம் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. முத்திரைத்தாள் வாங்கியாகிவிட்டது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, போன தடவை போட்ட லீவு வீணாகிவிட்டது. அடுத்த புதன்கிழமை இன்னொரு தடவை லீவு போட்டுவிட்டு வருகிறார். ‘மா 1 குழி 40’ என்ற வரியை நான் எடுக்க வேண்டுமா, வைக்கலாமா என்று அதற்குள் எழுத்தில் சொல்லுங்கள். அதே பலகையில் ஒட்டினாலும் போதும்.